ரோகிணித் தண்ணீர் முன்னாலா, பின்னாலா?

அரசமரத்தடி: பத்து நாள் விபஸ்ஸனா மௌனத் தியானம் முடித்துவிட்டு நிம்மதியாக வந்தால், இந்தக் குழுவில் மறுபடியும் 'சமூக பௌத்தம்' என்று அதே கூச்சல். புத்தர் மூச்சைக் கவனிக்கச் சொன்னார், மறியல் செய்யச் சொல்லவில்லை. கிழவர், நோயாளி, பிணம், துறவி ஆகிய நாலையும் பார்த்துத்தான் அவர் வீட்டை விட்டுப் போனார். ரோகிணி ஆற்றுத் தகராறில் போனார் என்பது அம்பேத்கர் கட்டிய கதை.

கூழாங்கல்: பத்து நாள் பேசாமல் இருந்தவர் பதினோராம் நாளும் அப்படியே இருந்திருக்கலாம். ரோகிணித் தண்ணீருக்காகப் புத்தரின் குலமான சாக்கியரும் அண்டைக் குலமான கோலியரும் மோதிக்கொண்டது பாலி விளக்கவுரைகளிலேயே இருக்கிறது. புத்தரின் முற்பிறவிக் கதைகளில் ஒன்றான குணால ஜாதகத்தைப் புரட்டிப் பாருங்கள். 29 வயது வரை ஒருவன் ஒரு கிழவரைக்கூடப் பார்த்ததில்லை என்றால் நம்புவீர்கள், ஆற்றுத் தண்ணீருக்குச் சண்டை என்றால் நம்பமாட்டீர்கள். அதுவும் காவிரிக்காரர்!

அரசமரத்தடி: அந்த உரையில் புத்தர் ஞானம் பெற்ற பிறகு வந்து சண்டையை விலக்குகிறார் ஐயா. பின்னால் நடந்ததை அம்பேத்கர் முன்னால் தூக்கி வைத்துவிட்டார். நான் சொன்னது அதைத்தான்.

கூழாங்கல்: ஆக, சண்டை நடந்தது. ஒத்துக்கொண்டாயிற்று, நன்றி. அடுத்து அத்தண்ட சுத்தம் என்ற புத்தரின் உபதேசம். வற்றிய நீரில் துடிக்கும் மீன்களைப் போல மக்கள் முட்டி மோதுவதைப் பார்த்துத்தான் அச்சம் வந்தது என்கிறார் புத்தர். இதில் கிழவர் எங்கே, பிணம் எங்கே? உங்கள் நாலு காட்சிகளும் தீக நிகாயம் என்ற உபதேசத் தொகுப்பில் விபஸ்ஸி என்ற முந்தைய புத்தருடைய கதையில் வருகின்றன. பெயர்ப் பொருத்தத்தைப் பார்த்து அதையும் உங்கள் பத்து நாளில் சேர்த்துவிட்டார்களோ?

மழைக்குருவி: குறுக்கிடுகிறேன். சமூக பௌத்தம் என்றால் என்னவென்று யாராவது சொல்லுங்களேன். வியட்நாமில் குண்டு விழுந்தபோது, தியானமும் வேண்டும், வெளியே போய் அடிபட்டவர்களைத் தூக்கவும் வேண்டும் என்றாரே துறவி திக் நாட் ஹான், அதுவா?

கூழாங்கல்: அதற்கு வருகிறேன். ரோகிணி முடியட்டும்.

பழைய பஞ்சாங்கம்: ரோகிணியை முடிக்கிறவர் முதலில் தமிழ்ப் பௌத்தர் அயோத்திதாசரைப் பற்றிய பழைய இழையை முடிக்கட்டும். அவர் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கம் 1907 என்று அடித்துச் சொன்னீர்கள். 1907 அவருடைய 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகை ஆரம்பித்த வருஷம், சங்கம் 1898. இன்றுவரை அதற்கு ஒரு வார்த்தை கிடையாது.

கூழாங்கல்: தட்டச்சுப் பிழைக்குத் திதி கொடுக்கிறார் பஞ்சாங்கம்.

அரசமரத்தடி: 1994-இல் டெல்லி திகார் சிறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் ஒன்றாக உட்கார்ந்து விபஸ்ஸனா செய்தார்களே, அது சமூகம் இல்லையா?

கூழாங்கல்: மணிமேகலை சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக மாற்றித் தரும்படி அரசனிடம் கேட்டாள். கைதிக்கு மூச்சுப் பயிற்சி கேட்கவில்லை. இன்றைக்குக் கம்பெனிகள் செய்வதும் இதே கூத்துதான். 1979-இல் மாசசூசெட்ஸில் ஜான் கபட்-ஜின் தீராத வலிக்காரர்களுக்கென்று ஆரம்பித்த தியானப் பயிற்சி அது. அதில் தவறில்லை. பன்னிரண்டு மணி நேரம் பிழிந்துவிட்டு, செயலியைத் திறந்து பத்து நிமிடம் கண்ணை மூடு என்கிறானே, அங்கேதான் எரிகிறது. உளைச்சல் உன் மனத்தில்தானாம், அவன் போட்ட ஷிப்டில் இல்லையாம். 1956 அக்டோபர் 14 அன்று அம்பேத்கரோடு பௌத்தம் தழுவ நாக்பூரில் லட்சக்கணக்கான பேர் கூடியது மூச்சை எண்ணவா?

அரசமரத்தடி: இவ்வளவு நீளத்தில் ஒரு பதில் இல்லை. ரோகிணி முன்னாலா, பின்னாலா?

மழைக்குருவி: இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷம் ஆயிற்று. எனக்கு இன்னும் விளக்கமே வரவில்லை.

அரசமரத்தடி: வீண் பேச்சு. ஒரு மணி நேரம் தியானத்தில் உட்காரப் போகிறேன். இனி பதில் போடமாட்டேன்.

அரசமரத்தடி: ஒன்று மட்டும். அத்தண்ட சுத்தத்தில் ரோகிணி என்ற பெயரே கிடையாது.

கூழாங்கல்: ஒரு மணி நேரம் பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்தது. அதன் விளக்கவுரையில் ரோகிணிக் கரையில்தான் அந்தச் சுத்தத்தைச் சொல்கிறார், போய்ப் பாருங்கள்.

பழைய பஞ்சாங்கம்: 1898.