கடைகளில் சில்லறை எங்கே போயிற்று?

கேள்வி – திருவல்லிக்கேணிவாசி

என் தாயாருக்கு 75 வயதாகிறது. கைப்பேசியில் பணம் அனுப்பும் பழக்கம் அவருக்கு இல்லை. நான் ஏடிஎம்மில் எடுத்துத் தரும் 500 ரூபாய்த் தாளுடன் தயிரும் கொத்தமல்லியும் வாங்கப் போனால், "சில்லறை இல்லை பாட்டி, ஜிபே இருக்கா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். பெரும்பாலோர் யுபிஐக்கு மாறிவிட்ட பிறகு ரொக்கத்தின் தேவை குறைந்து, கடைகளில் சில்லறை மிஞ்சத்தானே வேண்டும்? முன்பாவது மீதிக்கு மிட்டாய் கொடுத்தார்கள்; இப்போது பொருளே கிடைப்பதில்லை.

பதில் – மாம்பலம் மளிகை

ஐயா, 20 ஆண்டுகளாகக் கடை நடத்துகிறேன். சில்லறையை நாங்கள் வங்கியில் வாங்கி வைத்ததே இல்லை. வாடிக்கையாளர்கள்தாம் கொண்டுவந்து கொடுத்தார்கள். விடியற்காலையில் பால் பாக்கெட்டும் தீப்பெட்டியும் வாங்குபவர்கள் தரும் பத்தும் இருபதும் கல்லாவில் சேர்ந்து, பதினோரு மணிக்கு 500 ரூபாயை நீட்டுபவருக்கு மீதியாகப் போகும். அந்தப் பத்து, இருபது ரூபாய்க்காரர்கள்தாம் இன்று க்யூஆர் அட்டைக்கு மாறிவிட்டார்கள். ரொக்கமாக வருவதெல்லாம் 500 ரூபாய்த் தாள் என்றால் மீதிக்கு நான் எங்கே போவேன்? பக்கத்துப் பூக்காரம்மாவிடம் மாற்றிக்கொள்வோம். இப்போது அவர் கூடையிலும் ஓர் அட்டை நிற்கிறது. ஆனாலும் தெரிந்த பெரியவரை வெறுங்கையுடன் அனுப்பியது தவறு. கணக்கில் எழுதிக்கொண்டிருக்கலாம்.

பதில் – ஓய்வுபெற்ற காசாளர்

கல்லாவைப் பற்றி மளிகைக்காரர் சொன்னது சரி. வங்கிகளுக்கும் இதில் பங்குண்டு. ஏடிஎம்களில் 500 ரூபாய்த் தாளை நிரப்பினால் அடிக்கடி நிரப்ப வேண்டியதில்லை என்பதால் சிறிய தாள்கள் ஒதுக்கப்பட்டன. 2025 செப்டம்பருக்குள் 75 விழுக்காடு ஏடிஎம்களில் 100 அல்லது 200 ரூபாய்த் தாள் கிடைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி அந்த ஆண்டு ஏப்ரலில் வங்கிகளுக்கு அறிவுறுத்தியதே இதனால்தான். நம் பக்கத்துக் குறை ஒன்றும் உண்டு: பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்ற வதந்தியை நம்பி, தமிழ்நாட்டின் பல ஊர்களில் அதை வாங்க மறுத்தோம். 14 வடிவங்களும் செல்லும் என்று 2018இல் ரிசர்வ் வங்கி விளக்கிய பிறகும் அந்தத் தயக்கம் முழுதாகப் போகவில்லை. 2023இல் நாணயம் வழங்கும் இயந்திரங்களைச் சோதனை முறையில் அறிவித்தார்கள். அவற்றில் சில்லறை பெறவும் யுபிஐ வேண்டும் என்பதுதான் வேடிக்கை!

பதில் – பெங்களூர்த் தமிழன்

மளிகைக்காரர் சொல்வதற்கு எங்கள் ஊரில் சாட்சி உண்டு. 2025 ஜூலையில், யுபிஐ வரவைக் கணக்கிட்டு வணிக வரித்துறை சிறு வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியதும், பல கடைகளில் அட்டையைக் கழற்றிவிட்டு ரொக்கம் மட்டும் கேட்டார்கள். முதல் இரண்டு நாள் ஒரே கூச்சல். அடுத்த வாரமே நான் தேநீர் குடிக்கும் பேக்கரியில் கேட்காமலே பத்து ரூபாய்த் தாள்கள் மீதியாக வந்தன.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. இப்போதெல்லாம் ஏடிஎம்மில் 500க்குப் பதிலாக 400 என்று அழுத்துகிறேன். சிறிய தாள் இருந்தால் தருகிறது, இல்லையென்றால் மறுத்துவிடுகிறது. மாதத் தொடக்கத்தில் 500 ரூபாயை முன்பணமாகக் கொடுத்து, அம்மா வாங்க வாங்க நோட்டில் கழித்துக்கொள்ளும்படி கேட்டதற்குக் காய்கறிக் கடைக்காரர் ஒப்புக்கொண்டார். தயிர்க் கடைக்காரர் இன்னும் இசையவில்லை.