630003 எந்த வகை எண்ணு? காரைக்குடி பின்கோடு பத்தி ஒரு கேள்வி

கண்டனூர்_பையன்:
அழகப்பா யுனிவர்சிட்டி பக்கம் ரூம் எடுத்திருக்கேன், கொரியர்காரங்ககிட்ட 630003ன்னு சொல்லிச் சொல்லி அந்த நம்பரே மண்டைக்குள்ள ஓடிக்கிட்டு இருக்கு. இலக்கத்தக் கூட்டுனா 12, அதனால 3 போகும், 210001 வருது. அதுக்கப்புறம் 7 போட்டா மீதி 1, 13ம் போகல. இது விசேஷமான எண்ணா இல்ல சாதாரண பகு எண் தானா? விடைய ஆப்ல பாத்துக்கலாம், எனக்கு வழி தெரியணும்.

தேவகோட்டை_மணி:
தம்பி, நடுவுல 11 இருக்கே. 210001ல ஒண்ணு விட்டு ஒண்ணு கூட்டுங்க, 2+0+0, 1+0+1, ரெண்டும் சமம், அதனால 11 போகும், 19091. அதுல 17 போகும், 1123. அது பகா எண், 31 வரைக்கும் போட்டுப் பாத்தா போதும். ஆக 3×11×17×1123. மொத்தம் 16 வகுத்தி, தன்னை விட்டுட்டு மத்ததக் கூட்டுனா 341133, எண்ண விடக் கம்மி, குறைவெண்.

பள்ளத்தூர்_டீச்சர்:
மணி அண்ணே, முதல் மூணையும் பெருக்கிப் பாருங்க, 561 வரும். அதோட ரெண்டு மடங்குல ஒண்ணு கூட்டுனா அதே 1123! அப்ப 630003 = 1122×1123÷2, அதாவது 1+2+3ன்னு 1122 வரைக்கும் கூட்டுனா வர்ற முக்கோண எண். வாசல்ல முதல் வரிசைல ஒரு புள்ளி, அடுத்ததுல ரெண்டுன்னு 1122 வரிசை வச்சா இத்தனை புள்ளி. இதுக்கு முந்தின முக்கோண எண் 628881, அடுத்தது 631126, அதனால 630ல ஆரம்பிக்கிற ஆறிலக்க எண்கள்லயே இது ஒண்ணு தான் முக்கோண எண், எனக்கு ரொம்ப சந்தோஷமாயிடுச்சு. சரிபாக்கணும்னா எட்டால பெருக்கி ஒண்ணு கூட்டுங்க, 5040025, அது 2245ஓட வர்க்கம். முக்கோண எண்ணுன்னா எப்பவும் இப்படி முழு வர்க்கம் வரும்.

கண்டனூர்_பையன்:
நன்றி டீச்சர்! 561ன்னு எங்கயோ படிச்ச ஞாபகம், அது என்ன எண்?

தேவகோட்டை_மணி:
அது தான் மிகச் சின்ன கார்மைக்கேல் எண். ஒரு எண் பகா எண்ணான்னு பாக்க ஃபெர்மா சோதனைன்னு ஒண்ணு இருக்கு, பகா எண்ணா இருந்தா அதுல கண்டிப்பா தேறும், 561 பகு எண்ணா இருந்தும் தேறிடும், அதோட பொதுக் காரணி இல்லாத எந்த எண்ண எடுத்து 560 அடுக்கு போட்டு 561ஆல வகுத்தாலும் மீதி 1 தான். காரணம், 560ஐ 2, 10, 16 மூணும் வகுக்கும், அதாவது ஒவ்வொரு பகாக் காரணிலயும் ஒண்ணு கழிச்சது, இந்த விதி கோர்செல்ட்ங்கிற கணித அறிஞர் 1899ல சொன்னது. இந்த மாதிரி எண்கள் முடிவில்லாம இருக்குன்னு 1994ல தான் நிரூபிச்சாங்க. ஆனா 630003 முழுசா கார்மைக்கேல் கிடையாது, 630002ஐ 10 வகுக்காதுல்ல. பக்கத்து 630001ஐயும் போட்டுப் பாருங்க தம்பி, 61 வரைக்கும் எதுவுமே போகாது, பகா எண்ணுன்னே தோணும், 67ல தான் உடையும், 67×9403.