எயார் ஃபிரையரா, தாச்சியா? மீனும் கத்தரிக்காயும் முறுக்கும் பொரிக்கிற வீட்டுக்கு எது சரி

கல்லடி மருமகள்

அக்காமார், அண்ணன்மார், ஒரு முடிவெடுக்க உதவி வேணும். வீட்டில் ஆறு பேர். கிழமையில் நாலு நாள் மீன் பொரியல். சூரை, பாரை, இல்லாட்டிக் கீரி மீன். கத்தரிக்காயும் பாவற்காயும் பொரித்துத்தான் குழம்பு வைப்போம். பின்னேரத்தில் பிள்ளைகளுக்கு ரோல்ஸ், கட்லட், உருளைக்கிழங்கு. வருடப்பிறப்புக்கும் தீபாவளிக்கும் முறுக்கு, பயற்றம் பணியாரம்.

இப்ப ஒரு தடவைக்கு முக்கால் லீற்றர் தேங்காயெண்ணெய் தாச்சியில் ஊற்றிப் பொரித்து, மிஞ்சுவதைப் போத்தலில் விட்டு மூன்று நாலு தரம் பாவிக்கிறோம். மாமிக்குக் கொலஸ்ட்ரோல் கூட, எண்ணெயைக் குறைக்கச் சொல்லிப்போட்டார்கள். 4 லீற்றர், 1500 வாட் எயார் ஃபிரையர் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன்.

அதை வாங்கினால் தாச்சியைத் தூக்கி வைக்கலாமா? எதெது அதில் சரிவரும்? ஆறு பேருக்கு 4 லீற்றர் காணுமா? கரண்ட் பில் எவ்வளவு ஏறும்?

சம்மாந்துறைச் சமையல்கட்டு

தங்கச்சி, தாச்சியைத் தூக்கி வைக்க ஏலாது. ஆனால் கிழமை முழுக்க அடுப்பில் இருக்கிற தாச்சியை மாதத்தில் ரெண்டு மூன்று தரமாகக் குறைக்கலாம்.

2010இல் பிலிப்ஸ் கம்பனி இதைச் சந்தைக்கு விட்டபோது வைத்த பெயர்தான் ஆட்களைக் குழப்புகிறது. உள்ளே இருப்பது மேலே ஒரு சூட்டுச் சுருளும் வேகமாகச் சுற்றுகிற ஒரு விசிறியும். சின்ன அவன், அவ்வளவுதான். 175 பாகை எண்ணெயில் ஒரு சாமானைப் போட்டால் எல்லாப் பக்கத்தாலும் ஒரே நேரத்தில் சூடு ஏறும். ஒரு சில வினாடியில் மேல் தோல் இறுகிவிடும். 200 பாகைக் காற்று அந்த வேகத்தில் சூட்டைக் கொடுக்காது. அதனால் உருவம் தானாக நிற்கிற சாமான்கள் அதில் சரிவரும். எண்ணெய்க்குள் விழுந்த பிறகுதான் உருவம் எடுக்கிறவை சரிவராது.

உழுந்து வடை, பஜ்ஜி, பயற்றம் பணியாரம் மூன்றும் அதற்குள் போகக்கூடாது. பணியாரத்தின் மேல்மா கூடைக் கண்ணால் ஒழுகிக் கீழ்த்தட்டில் காய்ந்து பிடிக்கும். மிஞ்சுவது வெறும் பயற்றமா உருண்டைதான். முறுக்கு உருவம் குலையாது, ஆனால் கல்லாகும். மாவில் இருக்கிற தண்ணீர் ஆவியாகப் போன இடத்தில் எண்ணெய் புகுவதால்தான் முறுக்கு வாயில் நொறுங்குகிறது. காற்றில் அந்த இடம் வெறுமனே காய்ந்துபோகும், பல்லுக்குத்தான் வேலை.

மீன் நல்லா வரும், செய்கிற முறையில் செய்தால். அரைக் கிலோ சூரைக்கு மிளகாய்த்தூள் 2 தேக்கரண்டி, மஞ்சள் அரை, மிளகுத்தூள் அரை, உப்பு 1 தேக்கரண்டி, தேசிப்புளி 2 தேக்கரண்டி. இதோடு 2 தேக்கரண்டி எண்ணெயையும் தூளிலேயே விட்டுக் குழைக்க வேணும். எண்ணெயைக் கடைசியில் மேலால் தடவினால், அடியில் தூள் பச்சையாகவே நிற்கும். மிளகாயின் நிறமும் மணமும் எண்ணெயில்தான் கரைந்து இறங்கும். துண்டு ஒன்றரை சென்டிமீற்றர் தடிப்பு. கழுவின மீனைத் துணியால் ஒற்றி ஈரம் எடுத்த பிறகே தூள் பிரட்டுங்கள், இல்லாட்டி அது அவிந்த மீனாகத்தான் வரும். 180 பாகையில் 8 நிமிடம், திருப்பி 4 நிமிடம், கடைசி 2 நிமிடம் 200. தொடக்கத்திலேயே 200 வைத்தால் மிளகாய்த்தூள் கறுத்துக் கசக்கும், நடுமுள்ளுக்குக் கிட்ட இரத்தம் தெரியும்.

எனக்குக் கேட்டால், இந்தச் சாமானின் முழுப் பெறுமதியும் கத்தரிக்காயில்தான் இருக்கிறது. கத்தரிக்காயின் சதை பஞ்சு; தாச்சியில் போட்டால் குடிக்கிற எண்ணெய்க்குக் கணக்கில்லை. விரல் நீளத்துக்கு வெட்டி, உப்பும் மஞ்சளும் பிரட்டி 20 நிமிடம் வைத்தால் மண்ணிறத் தண்ணீர் விடும். அதைக் கையால் பிழிந்து ஊற்றுங்கள். அரைக் கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் போதும், ஆனால் ஒவ்வொரு துண்டிலும் படவேணும். படாத துண்டு தோல் செருப்பு மாதிரி வரும். 180 பாகையில் 16 தொடக்கம் 18 நிமிடம், 6 நிமிடத்துக்கு ஒருக்கால் கூடையைக் குலுக்குங்கள். ஓரம் சிவந்து நடுப்பகுதி மெத்தென்று இருக்கும். குழம்பில் போட்டாலும் கரையாது, குழம்பின் மேல் எண்ணெய் மிதக்கவும் மாட்டாது. பாவற்காயும் இதே முறைதான், மெல்லிசாக வெட்டினால் 12 நிமிடம்.

ரோல்ஸ், கட்லட்டுக்கு றஸ்க் தூளை அப்படியே பிரட்டினால் வெள்ளையாக, மண் மாதிரி நிற்கும். 100 கிராம் றஸ்க் தூளில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயைக் கையால் தேய்த்துப் பிசறிவிட்டுப் பிறகு பிரட்டுங்கள். 190 பாகை, 10 தொடக்கம் 12 நிமிடம், நடுவில் ஒருக்கால் திருப்பவேணும்.

4 லீற்றர் என்று பெட்டியில் போட்டிருப்பது கூடையின் கொள்ளளவு. மீன் ஒன்றின் மேல் ஒன்று கிடக்கக்கூடாது, ஆகவே பார்க்க வேண்டியது அடித்தட்டின் அகலம்தான். ஒரு அடுக்கில் 6, 7 துண்டுக்கு மேல் கொள்ளாது. ஆறு பேருக்கு ரெண்டு ஈடு, அரை மணித்தியாலம் போகும். வாங்குவதென்றால் உயரமான உருண்டையை விட அகலமான சதுரக் கூடையைப் பாருங்கள்.

களுவாஞ்சிக்குடி மின்வேலை

பில் கணக்கு நான் சொல்கிறேன். 1500 வாட், ரெண்டு ஈட்டுக்கு 28 நிமிடம் என்றால் 0.7 அலகு. சூடு வந்ததும் அது தானாக வெட்டி வெட்டி எரிவதால் அதிலும் குறையும். மாதத்தில் 17 நாள் மீன் என்றால் கூடினால் 12 அலகு. மரக்கறி, ரோல்ஸ் எல்லாம் சேர்த்து 20 என்று வையுங்கள். ஆனால் உங்கள் பில் இப்ப 50, 55 அலகில் நின்றால் யோசிக்க வேணும். 60ஐத் தாண்டினதும் முதல் அலகிலிருந்தே கட்டண வீதம் மாறிவிடும். அந்த 20 அலகுக்கு மட்டும் கூடுகிற காசில்லை அது. 61இற்கு மேல் ஏற்கனவே இருக்கிற வீடென்றால் அவ்வளவு அடி விழாது.

பிளக் விஷயத்தில் விளையாட வேண்டாம். 1500 வாட்டை 230 வோல்ட்டால் பிரித்தால் ஆறரை அம்பியர். பழைய வீடுகளில் இருக்கிற சின்ன உருண்டைக் கால் 5 அம்பியர் பிளக் பேஸ் இதற்குக் காணாது. அடப்டர் போட்டு, அல்லது மல்டி பிளக்கில் ரைஸ் குக்கரோடு சேர்த்துக் குத்தினால், முதலில் பேஸ் கையில் சுடும், பிறகு மஞ்சளாகி உருகும். 13 அம்பியர் சதுரக்கால் பேஸில் தனியாகக் குத்துங்கள்.

இன்னொன்று. லைனின் கடைசியில் இருக்கிற வீடுகளில் இரவு சமையல் நேரத்தில் வோல்டேஜ் இறங்கும். 200 வோல்ட் என்றால் 1500 வாட் சாமான் 1130 வாட்தான் எடுக்கும், ஏனென்றால் சூடு வோல்டேஜின் வர்க்கத்தோடு குறைகிறது. மத்தியானம் 14 நிமிடத்தில் வந்த மீன் இரவில் வெளிறி நிற்பதற்குக் காரணம் அதுதான். முன்சூடு 5 நிமிடம் கூட்டி வைத்துவிட்டுப் போடுங்கள்.

கல்லடி போல கடற்கரை ஓரமென்றால் உப்புக் காற்று சுருளையும் விசிறி மோட்டரையும் அரிக்கும். யன்னல் பக்கம் வைக்காதீர்கள். பாவித்து ஆறினதும் துணி போட்டு மூடுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்து இன்னும் கெதியாகத் துருப்பிடிக்கும்.

கல்லடி மருமகள்

அக்கா, அண்ணன், ரெண்டு பேருக்கும் நன்றி. பில் இப்ப 90க்கு மேலதான் வருகுது, ஆகவே அந்தப் பயமில்லை. இன்னும் ரெண்டு கேள்வி. கீரி மீனைப் போட்டால் புகை வருமென்கிறார்கள், உண்மையா? தாச்சியில் பொரிக்கிற நாட்களில் மிஞ்சுகிற எண்ணெயை எத்தனை தரம் பாவிக்கலாம்?

அக்கரைப்பற்றுப் பலகாரம்

எண்ணெயிலிருந்து தொடங்குகிறேன் தங்கச்சி, அதில்தான் பிழை கூட நடக்கிறது.

தேங்காயெண்ணெய் பொரிக்க நல்ல எண்ணெய். அதில் கிட்டத்தட்ட 90 வீதம் நிறைவுற்ற கொழுப்பு; அதனால்தான் அது கெதியில் பழுதாகாது, மாமிக்குக் குறைக்கச் சொல்வதும் அதனால்தான். சூட்டோடு சேர்ந்து எண்ணெயைக் கெடுப்பவை ஈரமும் உப்பும் தூளும். மீன் பொரித்த எண்ணெயில் மூன்றும் இறங்கியிருக்கும். ஆகவே மீன் பொரித்த எண்ணெய் என்றால் இன்னும் ஒரு தரம் மீனுக்கு, அதோடு சரி. வடை, முறுக்கு பொரித்த எண்ணெய் ரெண்டு தரம் தாங்கும். ஆறினதும் அடியில் நிற்கிற கறுத்த தூள் போக மெல்லிய துணியில் வடித்து, வாய் வரை நிரப்பி மூடி, வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள். நுரை அடங்காமல் தாச்சி விளிம்புக்கு ஏறினால், அல்லது மீன் போட முன்னமே புகைத்தால், அந்த எண்ணெய் முடிந்தது. வாய்க்காலிலோ கிணற்றடியிலோ ஊற்ற வேண்டாம். பழைய பேப்பரில் உறிஞ்ச விட்டுக் குப்பையில் போடுங்கள்.

மிஞ்சின தேங்காயெண்ணெயோடு சோயா எண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ கலந்து நிரப்பாதீர்கள். இந்தக் கலப்பு பொரிக்கையில் சோப்பு மாதிரி நுரைத்துப் பொங்கும். காஸ் அடுப்பில் அது பொங்கி வழிந்தால் நெருப்புத்தான். தாச்சியில் பாதிக்கு மேல் எண்ணெய் விடக்கூடாது. தப்பித் தவறிப் பிடித்தால் தண்ணீர் ஊற்றாமல் காஸை நிறுத்தி, தட்டையான மூடியால் மூடிவிட்டு ஆறுமட்டும் திறக்காதீர்கள்.

எண்ணெய் குடிப்பதைப் பற்றி ஒன்று சொல்ல வேணும். பொரிகிற நேரத்தில் ஆவி வெளியே தள்ளிக்கொண்டிருப்பதால் எண்ணெய் உள்ளே அவ்வளவு போகாது. தூக்கின பிறகு ஆறும்போதுதான் மேலே ஒட்டியிருக்கிற எண்ணெயை அது உள்ளே இழுக்கும். ஆகவே எடுத்த உடனே, முதல் அரை நிமிடத்துக்குள், கரண்டியில் வைத்தே நல்லாக் குலுக்கிக் கம்பித் தட்டில் பரப்புங்கள். எண்ணெய் நல்லாச் சூடாக முன்னம் போட்டாலும், ஒரே தரத்தில் நிறையப் போட்டாலும் குடிக்கும். ஒரு லீற்றருக்கு 200 கிராமுக்கு மேல் ஒரு ஈட்டில் போடாதீர்கள். காய்ந்த ஈர்க்கு ஒன்றைக் குத்திப் பாருங்கள். அதைச் சுற்றிச் சின்னக் குமிழி விடாமல் ஓடினால் சூடு சரி.

மேலே சொன்ன அக்காவோடு ஒரு இடத்தில் நான் ஒத்துப்போக மாட்டேன். ஆறு பேருக்கு வேண்டிய சூரை, பாரைக்கு எயார் ஃபிரையர் தேவையில்லை. 24 சென்டிமீற்றர் தட்டைத் தாச்சியில் 100 மில்லிலீற்றர் எண்ணெய் விட்டால் 2 மில்லிமீற்றர் உயரத்துக்கு நிற்கும். பக்கத்துக்கு 4 நிமிடம், வேலை முடிந்தது. மிஞ்சுகிற எண்ணெயும் இல்லை, திரும்பப் பாவிக்கிற கேள்வியும் இல்லை.

சம்மாந்துறைச் சமையல்கட்டு

அது நியாயம்தான் தங்கச்சி. பாரையைத் தட்டைத் தாச்சியில் போட்டுக்கொண்டு அதே நேரத்தில் கத்தரிக்காயை எயார் ஃபிரையரில் வைத்தால் ரெண்டும் ஒன்றாக இறங்கும்.

கீரிக்குப் புகை வருவது உண்மை. அதில் கொழுப்புக் கூட. உருகிக் கீழ்த்தட்டில் விழுந்து சூட்டில் புகையும். கூடைக்குக் கீழே மூன்று மேசைக்கரண்டி தண்ணீர் விடுங்கள், நின்றுவிடும். கீரிக்கு எண்ணெயே வேண்டாம், அதன் கொழுப்பே காணும். 190 பாகையில் 12 நிமிடம். கழுவிய பிறகும் கூடையில் மீன் மணம் நின்றால் அது மேலே சுருளில் தெறித்த கொழுப்பு. பிளக்கைக் கழற்றி, முழுக்க ஆறின பிறகு கவிழ்த்துப் பிடித்து, சவர்க்காரத் தண்ணீரில் பிழிந்த துணியால் சுருளைத் துடையுங்கள். இரும்புத் தும்பால் கூடையைத் தேய்த்தால் பூச்சு உரியும். சுடுதண்ணீரில் அரை மணித்தியாலம் ஊறவிட்டுத் தேங்காய்த் தும்பால் மெதுவாகத் தேய்த்தாலே காணும்.