டெர்மினல் கருவிகளுக்கு ஒரு ஜன்னல்: யாருக்கு எது கைகொடுத்தது?

டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரையில், ஓடும் கருவிகளை மவுஸால் இயக்க ஜன்னல் தரும் நிரல்களைப் பற்றிய கேள்வி இது. எனக்குக் கைகொடுத்தது ஜிஇமேஜ்ரீடர். பழைய தமிழ் இதழ்களை ஸ்கேன் செய்து எழுத்தாக மாற்றி வைக்கிறேன். அதன் உள்ளே ஓடுவது டெசராக்ட், படத்திலுள்ள எழுத்தைப் படித்துத் தரும் டெர்மினல் கருவி. 1985 முதல் 1994 வரை எச்பி நிறுவனத்தில் உருவாகி, 2005-ல் திறமூலமாக (நிரல்வரிகள் எல்லோருக்கும் திறந்திருக்கும்படி) வெளியான கருவி. தமிழும் படிக்கும். டெர்மினலில் படத்தின் பெயரையும் மொழியையும் கொடுத்தால் வேலை முடிந்தது, ஒரே பத்தியாக (நெடுக்குப் பிரிவாக) உள்ள பக்கம் என்றால். இதழ்கள் அப்படியா இருக்கின்றன? இடது பத்தியில் ஒரு வரி, வலது பத்தியில் ஒரு வரி என்று சில பக்கங்களில் கலந்துவிடும். நடுவில் விளம்பரம் வேறு இருந்தால் கேட்கவே வேண்டாம்.

ஜிஇமேஜ்ரீடரில் பக்கம் கண்முன்னே விரிகிறது. மவுஸால் முதல் பத்தியைச் சுற்றி ஒரு கட்டம் போடுகிறேன். கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு அடுத்த பத்திக்கு இன்னொன்று. கட்டங்களுக்கு 1, 2 என்று எண் விழுகிறது, அதே வரிசையில் எழுத்து பக்கத்திலேயே வந்து நிற்கிறது. விளம்பரத்தை அப்படியே விட்டுவிடலாம். தாள் மங்கியிருந்தால் வெளிச்சத்தையும் கான்ட்ராஸ்ட்டையும் அங்கேயே கூட்டிக் குறைக்கலாம்.

1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் ணை, லை, றா, னா எல்லாம் பழைய வடிவத்தில் இருக்கும். அங்கே தடுமாறத்தான் செய்கிறது. ஆனால் படமும் எழுத்தும் அருகருகே இருப்பதால் பார்த்துப் பார்த்துத் திருத்திவிட முடிகிறது. இந்த ஒன்றுக்காகவே அதை உருவாக்கியவர்களுக்குக் கும்பிடு போடலாம். தமிழ் மொழிக்கோப்பைத் தனியாக இறக்க வேண்டியிருக்கும், மறந்துவிடாதீர்கள்.

—

நண்பர் சொன்னது சரி, கண்ணால் பார்த்து முடிவெடுக்க வேண்டிய வேலைக்கு ஜன்னல் வேண்டும். என் அனுபவம் லாஸ்லெஸ்கட். வீடியோ, ஆடியோவைக் கையாளும் டெர்மினல் கருவியான எஃப்எஃப்எம்பெக் மேல் உட்கார்ந்திருக்கும் இலவசக் கருவி. நீளமான கச்சேரிப் பதிவிலிருந்து ஒரு பாட்டை மட்டும் எடுக்க வேண்டும் என்றால் தொடக்கமும் முடிவும் குறித்து ஏற்றுமதி கொடுத்தால் போதும். மறுபடி என்கோட் செய்யாமல் (புதிதாகச் சுருக்கி எழுதாமல்) அப்படியே நகலெடுப்பதால் தரம் குறையாது, பெரிய கோப்பும் சட்டென்று முடிந்துவிடும்.

ஒன்று கவனியுங்கள். தொடக்க வெட்டு பெரும்பாலும் நாம் குறித்த நொடியிலேயே விழாது, அதற்கு முந்தைய கீஃப்ரேமுக்கு (வீடியோவில் முழுப் படமாகச் சேமிக்கப்பட்ட இடத்துக்கு) போய்விடும். அதனால் ஆலாபனைக்கு முன்னால் கைதட்டல் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். டைம்லைனைப் பெரிதாக்கினால் கீஃப்ரேம்கள் தெரியும், அதைப் பார்த்து வைத்தால் சரியாக வரும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது, அது ஓட்டிய எஃப்எஃப்எம்பெக் கட்டளையை அப்படியே காட்டுவது. அதை நகலெடுத்து, கோப்பின் பெயரை மட்டும் மாற்றி டெர்மினலில் ஓட்டிப் பழகினேன். அப்புறம் கட்டளை வரி மேல் இருந்த பயம் போய்விட்டது.

—

பேக்கப் எடுப்பவர்கள் ஜிஆர்சிங்க் பாருங்கள். ஃபோல்டர்களை வேறிடத்துக்கு நகலெடுக்கும் ஆர்சிங்க் என்ற டெர்மினல் கருவிக்கு அது ஜன்னல். ஆர்சிங்க்கில் மூல ஃபோல்டர் பெயருக்குப் பின்னால் ஒரு சாய்கோடு இருந்தால் உள்ளே இருப்பவை மட்டும் போகும், இல்லாவிட்டால் ஃபோல்டரோடு சேர்ந்து போகும். மூலத்தில் இல்லாதவற்றைச் சேருமிடத்தில் அழிக்கும் தேர்வையும் சேர்த்துவிட்டால் விபரீதம்தான். ஜிஆர்சிங்க்கில் ஒத்திகைப் பொத்தான் இருக்கிறது. எது போகும், எது அழியும் என்று பட்டியல் வரும், ஒரு கோப்பும் நகராது. நான் அதைப் படித்துவிட்டுத்தான் நிஜமாக ஓட்டுகிறேன்.