ஈவா கிரீனுக்கு ஒரு நீதி, அந்தப் பிள்ளைக்கு ஒரு நீதியா?

ராப்பூனை:

வணக்கம். ஒரு வாரமாக மனசை உறுத்திக்கொண்டே இருக்கிறது. நடிப்பு தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நான் தமிழாசிரியர். ஏப்ரலில் தமிழ்மொழி விழா சமயத்தில் மாணவர் நாடகப் போட்டி ஒன்றுக்கு நடுவராகப் போயிருந்தேன். உயர்நிலை மூன்று படிக்கும் ஒரு பெண், பேய் பிடித்த அக்காவாக நடித்தாள். முடியை விரித்துப்போட்டுத் தரையில் விழுந்து, தொண்டை கிழியக் கத்தினாள். நான் தாளில் ‘மிகை நடிப்பு’ என்று எழுதி, இருபதுக்கு ஒன்பது போட்டேன். முடிவு சொன்னபோது அவள் முகம் வாடியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

போன வெள்ளிக்கிழமை ராத்திரி ‘பென்னி டிரெட்ஃபுல்’ பார்க்க உட்கார்ந்தேன். 2014 முதல் 2016 வரை மூன்று சீசன் வந்த தொடர். விக்டோரியா காலத்து லண்டன். டிராகுலா, ஃபிராங்கன்ஸ்டைன், ஓநாய் மனிதன் எல்லாரும் ஒரே கதைக்குள். முதல் சீசனின் இரண்டாவது எபிசோடில் ஒரு விருந்து, அங்கே ஆவியை அழைக்கிறார்கள். வனெசாவாக வரும் ஈவா கிரீன்மேல் ஏதோ இறங்கிவிடுகிறது. எதிரே சர் மால்கம். அவருடைய செத்துப்போன மகனாக அவரிடமே பேசுகிறாள். கெஞ்சுகிறாள், வாய்கூசாமல் திட்டுகிறாள், மேசைமேல் ஏறி முதுகை வில்லாக வளைக்கிறாள். எங்கள் அடுக்குமாடி புளோக்கே தூங்கிக்கொண்டிருந்தது. நான் காலைத் தரையில் வைக்கப் பயந்து சோபாமேல் தூக்கி வைத்துக்கொண்டேன்.

கத்தல் என்று பார்த்தால் அந்தப் பிள்ளைக்கு இவர் கொஞ்சமும் குறைவில்லை. இவரை வாயைப் பிளந்து பார்த்தேன், அவளுக்கு ஒன்பது போட்டேன். அப்படியானால் அன்றைக்கு நான் எதை அளந்தேன்?

ஒலிவாங்கி:

டீச்சர், நான் ஒரு காலத்தில் வானொலி நாடகங்களுக்குக் குரல் கொடுத்தவன். எழுபது வயது தாண்டிவிட்டது. நீங்கள் சொன்ன காட்சியைப் பேத்தியிடம் போடச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். எங்கள் பழக்கம் அப்படி.

அந்த நாளில் ஒரே ஒலிவாங்கி முன்னால் நாலு பேர் நிற்போம். கத்த வேண்டிய ஆள் ஓர் அடி பின்னால் போய், முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொள்ள வேண்டும். கிட்ட நின்று கத்தினால் ஒலி உடைந்து வெறும் இரைச்சலாகிவிடும். தள்ளி நின்றால் கத்தல் பெரிதாகவும் கேட்கும், அதற்குள் இருக்கிற வார்த்தையும் கேட்கும். அந்த ஓர் அடியை ஈவா கிரீன் தனக்குள்ளேயே எடுத்து வைக்கிறார். எவ்வளவு உச்சத்துக்குப் போனாலும், யாரிடம் பேசுகிறோம் என்பதை அவர் விடவில்லை. அந்த அறையில் எத்தனையோ விருந்தாளிகள். குரல் போய்க் குத்துவது மால்கம் ஒருவரைத்தான்.

உங்கள் பிள்ளை யாரைப் பார்த்துக் கத்தினாள்? அதை யோசித்துப் பாருங்கள் அம்மா.

மூன்றாவது வரிசை:

ஐயா சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தத் தொடரின் ஆகச் சிறந்த நடிப்பு என்று கேட்டால் நான் ரோரி கின்னியரைத்தான் சொல்வேன். மற்ற எபிசோடுகளில் வெளுத்த, தையல் போட்ட முகத்தோடு ஃபிராங்கன்ஸ்டைன் உருவாக்கிய ஆளாக வருகிறார். மூன்றாவது சீசனின் நாலாவது எபிசோடில் அந்த ஒப்பனை இல்லை. மனநல விடுதி ஊழியராக, சாதாரண மனித முகம். கிட்டத்தட்ட முழு எபிசோடும் மெத்தை தைத்த சுவர்களுள்ள ஒரே அறைக்குள் நடக்கிறது. சாப்பிட மறுக்கும் வனெசாவுக்கு ஊட்டிவிடப் பார்க்கிறார், தலை வாரிவிடுகிறார். பெரிய வசனத்தையெல்லாம் ஈவா கிரீன் பேசுகிறார். இவர் கேட்கிறார். அவ்வளவுதான். அவர் கேட்பதைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது. அப்புறம் அதே முகம், அதே உடை, பேயாக மாறிப் பேசுவார். நிற்கிற விதமும் குரலும் மட்டும்தான் வேறு. ஷேக்ஸ்பியரின் ‘ஒதெல்லோ’ நாடகத்தில் வில்லன் இயாகோவாக நடித்து, 2014-ல் லண்டன் மேடை நாடகங்களுக்கான ஒலிவியே விருது வாங்கிய மேடை நடிகர் அவர். அந்தப் பயிற்சி தெரிகிறது.

எல்லாரும் அப்படியில்லை. டோரியன் கிரே பாத்திரம் எனக்கு ஒட்டவே இல்லை. உலகமே சலித்துப்போன ஆள்தான், சரி. பார்க்கிற எனக்கும் சலித்துவிட்டதே.

டீச்சர், நானும் பள்ளி நாடகங்களுக்கு உதவிக்குப் போகிறவள். ஒரு பிள்ளை கத்தும்போது மற்ற பிள்ளைகள் அவளைப் பார்க்காமல் அவையைப் பார்த்துக்கொண்டு நின்றால், அது மிகை நடிப்பாகத்தான் தெரியும். கூட இருப்பவர்கள் பயந்தால்தானே நமக்குப் பயம் வரும்?

கோப்பி ஓ:

ஒன்றை மறந்துவிடாதீர்கள். ஈவா கிரீன் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி கேமரா நிற்கிறது. அந்தப் பிள்ளைக்குக் கடைசி வரிசைவரை கேட்க வேண்டும். பதினைந்து வயது. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ராப்பூனை:

எல்லாருக்கும் நன்றி. கோப்பி ஓ, நீங்கள் சொல்வது நியாயம். ஆனால் அந்தத் தராசு இல்லாமல் என்னால் தூங்க முடியவில்லை.

நேற்று அந்தக் காட்சியை மறுபடி போட்டு, ஈவா கிரீனை விட்டுவிட்டு, மால்கமாக நடிக்கும் டிமதி டால்டனை மட்டும் பார்த்தேன். எழுந்து போகவும் முடியாமல், மகன் பேச்சைக் கேட்காமல் இருக்கவும் முடியாமல் இருக்கிறார். என் பயத்தில் பாதி அவர் கொடுத்தது.

பிறகு போட்டியின் காணொளியை எடுத்துப் பார்த்தேன். கத்துவதற்குச் சற்று முன்னால் அந்தப் பெண், தங்கையாக நடித்த பிள்ளையின் கையைப் பிடிக்கக் கை நீட்டுகிறாள். தங்கை அடுத்த வசனத்தை மனசுக்குள் சொல்லிக்கொண்டு அவையைப் பார்த்தபடி நிற்கிறாள். நீட்டிய கை காற்றில் ஒரு கணம் நின்று, மடங்கி நெஞ்சுக்குப் போகிறது. அதற்குப் பிறகுதான் அந்தக் கத்தல். ஐயா கேட்ட கேள்விக்குப் பதில் அங்கே இருக்கிறது. தங்கையைப் பார்த்துத்தான் கத்தினாள்.

காணொளியின் ஓரத்தில் நடுவர் மேசையும் தெரிகிறது. அந்த நேரத்தில் நான் குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அவளுடைய ஆசிரியருக்கு இன்று காலை மின்னஞ்சல் அனுப்பினேன். முடிவை இனி மாற்ற முடியாது. அந்தக் கையை நான் பார்த்துவிட்டேன் என்று அவளிடம் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.