குளத்தடிக் குடும்பம் குறூப்: தோல் ஒட்டின கால்

மாமி: சின்னவனுக்குத் தொடையில தோல் சீவி, எரிஞ்ச காலில ஒட்டிப்போட்டினம். சீவின இடம் பச்சைப்புண்ணாவே கிடக்கப்போகுதோ?

சுதா மிஸ்: இல்லை மாமி. எடுக்கிறது 0.2 – 0.3 மில்லிமீற்றர் தடிப்புத்தான். 10 – 14 நாளில மூடிடும்.

பயோ சேர்: மூடுறது முக்கியமா மயிர்க்காலாலதான். அதுக்குள்ள புதுக் கலங்களை உண்டாக்கிற ஸ்டெம் செல் இருக்கு. கோரையை மேலால செருக்கினாக் கிழங்கிலயிருந்து திரும்பப் படருமே, அப்பிடி.

கபில்: ஒட்டின தோலுக்கு ரத்தம் எப்பிடிப் போகும் மிஸ்?

சுதா மிஸ்: முதல் 2 நாள் அடியில ஊறுற நீரிலதான் உயிரோட இருக்கும். பிறகுதான் ரத்தக்குழாய் பொருந்தும். அதுக்குள்ள அடியில ரத்தமோ நீரோ தேங்கினா, இல்லாட்டித் தோல் அசைஞ்சா, கறுத்துச் செத்துப்போம். அதுதான் சின்னச் சின்ன வெட்டுப் போட்டு வலை மாதிரி விரிக்கிறது. நீர் வடிஞ்சிடும், பரப்பும் கூடும். வலைக்கோடு மட்டும் பிறகும் தெரியும்.

மாமி: ஆசுபத்திரியில துண்டு வெட்டி வீட்டை விட்டா மோட்டச்சைக்கிளில ஏத்தி வரலாமோ?

சுதா மிஸ்: ஐயோ வேண்டாம். கால் தொங்கினா ரத்தம் இறங்கித் தோல் ஊதாவாகிக் கொப்பளிக்கும். கிறவல் றோட்டுக் குலுக்கல் வேற. வானில கால் நீட்டி, தலையணை வைச்சுக் கொண்டு வாங்கோ.

கபில்: தொடைக் கட்டுத்தான் கூட நோகுதாம். ஊறவைச்சுக் கழட்டட்டோ எண்டு அப்பா கேக்கிறார்.

சுதா மிஸ்: நரம்பு நுனியெல்லாம் வெளியில, நோகத்தான் செய்யும். உள்கட்டில கை வைக்காதேங்கோ, காய்ஞ்சு தானாக் கழரும். பிய்ச்சாப் புதுத்தோலும் சேர்ந்து வரும். பச்சையா வடிஞ்சு மணந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அண்டைக்கே காட்டுங்கோ.

மாமி: தேங்காயெண்ணெய்?

சுதா மிஸ்: முழுக்க மூடின பிறகு. அப்ப கட்டாயம் பூசவேணும், ஒட்டின தோலில எண்ணெய் சுரக்காது, வெடிக்கும்.

கபில்: சேர், லாப்பில தோல் வளர்க்கினமாமே?

பயோ சேர்: ஓம். 1975இல றைன்வால்ட், கிறீன் எண்ட ரெண்டு விஞ்ஞானிகள் எலிக்கலங்களுக்கு மேல வைச்சு மனிசத் தோல்கலத்தை வளர்த்துக் காட்டினவை. 2015இல ஜேர்மனி போஹுமில 7 வயசுச் சிரிய அகதிப் பெடியன், பிறவித் தோல்நோய். 4 சதுர சென்ரிமீற்றர் துண்டு எடுத்து, இத்தாலியில டி லூக்கா எண்ட விஞ்ஞானியின்ர குழு அந்த நோய்க்கான ஜீனைத் திருத்தி வளர்த்துக் குடுத்தது. உடம்பில 80 வீதத்துக்குப் புது மேல்தோல்.

கபில்: சின்னவனுக்கும் அப்பிடிச் செய்தா என்ன?

பயோ சேர்: வளர்க்கவே கிழமைக்கணக்காகும். வாற தோலும் நொய்ஞ்சது, லேசாக் கொப்பளிச்சுக் கழரும். எடுக்கத் தோல் இல்லாதவைக்குத்தான் உது. அவனுக்குத் தொடை காணும்.

மாமி: கபில், கொப்பரிட்டைப் போனைக் குடு. சுடுதண்ணி வைச்சிட்டார்.