தேனீயின் ‘ரியரிங் கண்டிஷன்ஸ்’: வளர்ப்புச் சூழலா, பேணுநிலையா?

நண்பர்களுக்கு வணக்கம்.

போன வாரம் நான் கேட்ட கேள்விக்கு இத்தனை பேர் நேரம் ஒதுக்கி எழுதியதற்கு நன்றி. எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். இழையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகக் கேள்வியை மறுபடி சொல்லிவிடுகிறேன். சிறு வயதில் கிடைத்த உணவும் வெப்பமும் பின்னாளில் ஒரு தேனீயின் நினைவாற்றலையும் வழி கண்டுபிடிக்கும் திறனையும் எப்படி மாற்றுகின்றன என்று ஒரு கட்டுரை எழுதுகிறேன். அந்தச் சிறுவயது உணவு, வெப்பம் முதலிய நிலைமைகளை ஆங்கிலத்தில் ‘ரியரிங் கண்டிஷன்ஸ்’ என்பார்கள், கட்டுரையில் அது பத்திக்குப் பத்தி வருகிறது. அதற்கு ஒரு சொல் வேண்டும்.

> வளர்ப்புச் சூழல் என்றே போடலாமே. எல்லோருக்கும் உடனே புரியும்.

நானும் முதலில் அப்படித்தான் எழுதினேன். உடனே புரியும் என்பது உண்மை, ஆனால் வேறொன்றாகப் புரியும். ‘தேனீ வளர்ப்பு’ தமிழில் ஏற்கெனவே ஒரு தொழிலின் பெயர். பெட்டி, சட்டம், புகைப்பான் எல்லாம் கண்ணுக்கு வந்துவிடும். வளர்ப்பவர் மனிதர் ஆகிவிடுவார். என் கட்டுரையில் வரும் வளர்ப்பைச் செய்வது தேனீக்களே. பெட்டியில் இருந்தாலும் மரப்பொந்தில் இருந்தாலும் அந்த வேலை தேனடைக்குள் நடக்கிறது. வேலைக்காரத் தேனீ முட்டையாக மூன்று நாள், புழுவாக ஏறக்குறைய ஆறு நாள், அடையின் மூடிய அறைக்குள் பெரும்பாலும் கூட்டுப்புழுவாகப் பன்னிரண்டு நாள் என 21 நாள் தன் அக்காமார்களின், அதாவது மூத்த வேலைக்காரத் தேனீக்களின், பொறுப்பில் இருக்கிறது. இதை ‘வளர்ப்புச் சூழல்’ என்றால், பெட்டியை வெயிலில் வைப்பதா நிழலில் வைப்பதா என்றுதான் வாசகர் யோசிப்பார்.

> ‘அடைகாப்பு’ இருக்கிறதே! அடையும் வருகிறது, காப்பும் வருகிறது.

இந்த மடலைப் படித்ததும் மகிழ்ந்துபோனேன். கோழி அடைகாப்பதும் தேனீயின் அடையும் ஒரே சொல்லில் வந்து சேர்வது அழகு. பொருளும் பாதி பொருந்துகிறது. தேனீக்கள் உண்மையாகவே அடைகாக்கின்றன. இறக்கையை அசைக்காமல் பறப்புத் தசைகளை மட்டும் நடுக்கிச் சூடேற்றி, மூடிய அறையின் மேல் மார்பை அழுத்திக்கொண்டு அசையாமல் நிற்கும். சில தேனீக்கள் நடுவே காலியாக இருக்கும் அறைக்குள் தலையை விட்டு நுழைந்து, சுற்றியுள்ள அறைகளுக்கெல்லாம் வெப்பம் கொடுக்கும். இப்படித்தான் புழு இருக்கும் பகுதி 33 முதல் 36 டிகிரி செல்சியஸுக்குள் நிற்கிறது.

ஆனால் மற்ற பாதி, அதாவது உணவு, இந்தச் சொல்லில் விடுபட்டுப் போகிறது. அது சின்ன விஷயம் இல்லை. புழுப்பருவத்தில் மகரந்தம் போதாமல் வளர்ந்த தேனீக்கள் எடை குறைந்து வெளிவந்தன, இரைதேடப் போனவை குறைவு, ஆடிய சிலவற்றின் நடனமும் துல்லியம் இழந்திருந்தது என்று 2015இல் வந்த ஆய்வு காட்டியது. இரை எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் என்று கூட்டுக்குச் சொல்லும் நடனம் அது. எவ்வளவு உணவு என்பதோடு எப்படிப்பட்ட உணவு என்பதும் முக்கியம். ஒமேகா-3 குறைந்த உணவு தின்ற தேனீக்கள் மணத்தைக் கற்பதில் வெகுவாகப் பின்தங்கியதை அதே ஆண்டில் இன்னோர் ஆய்வு கண்டது. யூக்கலிப்டஸ் மகரந்தம் அப்படிப்பட்ட உணவுதான். ஒரே மரத்தை மைல்கணக்கில் நட்டுவைத்த இடத்துத் தேனீக்களுக்கு இது என்ன செய்யும் என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

> ‘செவிலிச் சூழல்’ என்றால் என்ன?

பெற்றவள் அல்லாமல் எடுத்து வளர்ப்பவளுக்குச் செவிலி என்பது நம் பழைய சொல். புழுவை வளர்ப்பது ராணி இல்லை, அக்காமார்தான். ஆகையால் மனத்தளவில் எனக்கு இதுதான் மிக நெருக்கம். செவிலித் தேனீ என்ற சொல்லைக் கட்டுரையில் வைத்துக்கொள்கிறேன். அந்தத் தேனீ மகரந்தத்தைத் தின்று, தன் தலையிலுள்ள சுரப்பியில் கூழாக்கிப் புழுவுக்கு ஊட்டுகிறது. ஆனால் சூழலின் பெயராக்கும்போது, இன்றைய காதுக்கு மருத்துவமனைதான் முதலில் கேட்கிறது. மேலும் ஆய்வுக்கூடத்தில் கூட்டுப்புழுவைக் கருவியில் வைத்துச் சூடு கொடுக்கும்போது அங்கே செவிலியே கிடையாது. அந்த நிலைக்கும் சொல் பொருந்த வேண்டும்.

சரி, என் பரிந்துரை: பேணுநிலை.

பேணுதலில் ஊட்டுவதும் உண்டு, வெதுவெதுப்பாக வைப்பதும் உண்டு. யார் பேணுகிறார் என்பதை அது முன்கூட்டியே முடிவு செய்வதில்லை. தேனீயாக இருக்கலாம், கருவியாக இருக்கலாம். எல்லாவற்றுக்கும் மேல், அது கிளைவிடுகிறது: பேணுவெப்பம், பேணூட்டம், பேணுகாலம். ‘வளர்ப்புச் சூழல் வெப்பநிலை’ என்று மூன்று சொல்லை வரிக்கு வரி இழுத்துக்கொண்டு போவதைவிட இது எவ்வளவு இலேசு!

சொல்லைத் தனியாக வைத்துப் பார்த்தால் எல்லாமே நன்றாகத்தான் தெரியும். வாக்கியத்தில் போட்டுப் பார்ப்போம்:

“2003இல் நடந்த ஆய்வில், கூட்டுப்புழுக்களின் பேணுவெப்பத்தை மட்டும் மாற்றினார்கள். 32 டிகிரியில் வளர்ந்தவையும் 36 டிகிரியில் வளர்ந்தவையும் வெளிப்பார்வைக்கு நல்ல தேனீக்களே. ஆனால் 32 டிகிரிக்காரர்கள் நடனத்தில் பின்தங்கினார்கள். மணத்தை நினைவில் வைப்பதிலும் பின்தங்கினார்கள்.”

எனக்கு இது தடங்கலின்றி ஓடுகிறது. உங்களுக்கு?

ஒரு மறுப்பு வரும் என்று தெரியும். ‘பேணுதல் என்றாலே நல்லது அல்லவா? பட்டினி போட்ட நிலையையும் பேணுநிலை என்பதா?’ என்பீர்கள். அங்கே ‘நிலை’ நமக்குக் கைகொடுக்கிறது. வானிலை என்கிறோம், அது புயலுக்கும் பொது, தெளிந்த வானத்துக்கும் பொது. ‘பேணுநிலை மோசம்’, ‘பேணூட்டம் போதவில்லை’ என்று சொல்லிப் பாருங்கள், முரண் தெரியவில்லை. வளர்ந்தபின் தின்பதற்கு இந்தச் சொல்லை நீட்டக் கூடாது என்பதையும் வரையறையில் சேர்க்க வேண்டும். பூந்தேனில் உள்ள சிறிதளவு காஃபீன் தேனீயின் மண நினைவை நீட்டிக்கிறது என்று 2013இல் கண்டார்கள். அது வளர்ந்த தேனீ குடித்தது, அதைப் பேணூட்டம் என்று எழுதினால் பிழை.

அப்புறம் ‘நேவிகேஷன்’, அதாவது வழி கண்டுபிடிக்கும் திறன். ‘வழிசெலுத்தல்’ வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். கப்பலைச் செலுத்தலாம், தேனீயை யார் செலுத்துவது? அது சூரியனைப் பார்த்துத் திசை கொள்கிறது. பறக்கும்போது கண்ணுக்குக் கீழே ஓடும் காட்சியை வைத்துத் தூரம் அளக்கிறது. நெருக்கமான கோலம் ஒட்டிய, சில மீட்டர் நீளமே உள்ள குறுகிய குழாய் வழியே பறக்கவிட்டால், நூறு மீட்டருக்கும் மேல் போய்வந்ததாகக் கூட்டில் ஆடிக் காட்டும்! அத்தனையும் அறிதல். ஆகவே ‘வழியறிதல்’. முதன்முதலாக வெளியே வரும் இளந்தேனீ கூட்டைப் பார்த்தபடி முன்னும் பின்னுமாகப் பறந்து இடத்தை மனத்தில் பதிக்குமே, அதற்குக் ‘கூடறிபறப்பு’ என்று ஒருவர் தந்திருந்தார். மறுபேச்சின்றி எடுத்துக்கொண்டேன்.

இன்னும் ஒன்று மீதி இருக்கிறது. தேனீ மூளையில் நினைவுக்கு முக்கியமான ‘காளான் உடல்’ பகுதியில், நரம்புகள் ஒன்றையொன்று தொடும் சின்னச் சின்னத் திரள்கள் உண்டு. பேணுவெப்பம் 34.5 டிகிரியாக இருக்கும்போது மணத்துக்கான இடத்தில் அவை மிகுதி, ஒரு டிகிரி விலகினாலே எண்ணிக்கை மாறுகிறது என்று 2004இல் எண்ணிப் பார்த்துச் சொன்னார்கள். ‘மைக்ரோகுளோமெருலி’ என்பது அவற்றின் பெயர். ‘நுண்முடிச்சு’ என்று எழுதிவைத்திருக்கிறேன். முடிச்சு என்றால் கட்டி என்று யாராவது படித்துவிடுவார்களோ என்ற தயக்கம் இருக்கிறது. ‘நுண்திரள்’ மேலா? வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால் திருத்திவிடுவேன்.

அன்புடன்